தீக்கடைகோல்



பிழைப்பை முன்னிட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து, டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியமர்ந்துவிட்ட நம்மவர்க்கு, அடுப்பு மூட்டுவது ஒரு வேலையாகவே தோன்றுவதில்லை. குமிழைத் திருகினால் நீலச்சுடர் எழுகின்றது. மின்சாரம் நின்றால் மெழுகுவத்தி இருக்கின்றது. அதனை ஏற்றத் தீப்பெட்டி இருக்கின்றது. பதினான்கு ஆண்டுகள் ஒரு ரூபாய்க்கு விற்று வந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாக உயர்ந்தபோது, நம் இல்லங்களில் எவரும் அதனைப் பெரிதாக எண்ணவில்லை.

ஆயினும் அச்சிறு பெட்டிக்குள் நெடிய வரலாறு ஒன்று உண்டு. உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்பவர் விற்கத் தொடங்கியது 1827-இல்தான். நம் நாட்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைப் பயின்று திரும்பியதன் பின்னரே, சிவகாசியில் அத்தொழில் வேரூன்றியது. அயலூர் சென்று கற்ற தமிழர் இருவரின் உழைப்பு அது. ஆகவே, தீக்குச்சிக்கு இருநூறு வயதுகூட நிறையவில்லை. அதற்கு முற்பட்ட காலமெல்லாம் மனிதர் தீயை எங்ஙனம் உண்டாக்கினர்? அக்கலை இன்று எங்கே போயிற்று? இவ்வினாக்களை நமக்குள் எழுப்பியது ஒரு மழை. அம்மழை பெய்த இடம், நம் பிறந்த ஊர்ப் பகுதியாகிய சத்தியவேடு.

சென்னையிலிருந்து வடமேற்கே, ஊத்துக்கோட்டையைக் கடந்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால் சத்தியவேடு வரும். அவ்வூர் ஒரு வகையில் நம்மைப் போன்றதே. நாம் ஊரை விட்டு வேறு மாநிலம் வந்தோம். அவ்வூரோ இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு வேறு மாநிலம் சென்றது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டபோது, திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்த சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரப் பிரதேசத்தோடு சேர்ந்து சித்தூர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. 2022-இல் புதிய மாவட்டங்கள் அமைந்தபோது அது திருப்பதி மாவட்டத்துக்கு உரியதாயிற்று. அங்கே தமிழ் பேசும் வீடும் தெலுங்கு பேசும் வீடும் ஒரே தெருவில் உள்ளன. மேற்கே நாகலாபுரத்து மலைகள். சுற்றிலும் நிலக்கடலையும் மாந்தோப்பும். காலுக்கடியில் எங்கு நோக்கினும் உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள்.

இற்றைக்கு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நாம் பத்து வயதுச் சிறுவனாக இருந்த காலத்தில், பாட்டனாரின் மாந்தோப்பில் ஏனாதி வகுப்பைச் சேர்ந்த முதியவர் ஒருவர் காவல் புரிந்து வந்தார். யானாதி என்றும் ஏனாதி என்றும் வழங்கப்பெறும் அம்மக்கள், சித்தூர், நெல்லூர்ப் பகுதிகளில் தொன்றுதொட்டு வாழும் பழங்குடியினர். ஒருநாள் பிற்பகல், தோப்புக்குச் சென்றிருந்த நம்மைப் பெருமழை பிடித்துக்கொண்டது. முதியவரின் குடிசைக்குள் ஓடி ஒதுங்கினோம். உடல் நடுங்கிற்று. அவர் மடியிலிருந்த தீப்பெட்டியை எடுத்து உரசினார். மருந்து கூழாகி வழிந்தது. பெட்டியை ஒருபுறம் வைத்துவிட்டு, அடுப்புக்கு நேர்மேலே கூரையின் உட்புறத்தில் கையை நுழைத்து, இரண்டு குச்சிகளை உருவினார். நாள்தோறும் சமையற்புகை பட்டு அவை காய்ந்து கறுத்திருந்தன.

ஒன்று கட்டைவிரல் பருமனுள்ள சிறு கட்டை. அதன் ஓரத்தில் வரிசையாகச் சில குழிகள். ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஒரு சிறு வெட்டு. மற்றொன்று சுண்டுவிரல் பருமனில் இரண்டு முழ நீளமுள்ள நேரான கோல். கட்டைக்கடியில் காய்ந்த இலை ஒன்றை வைத்தார். கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டார். கோலின் நுனியைக் குழியில் நிறுத்தி, இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக் கடையத் தொடங்கினார். கைகள் கடைந்தபடியே கீழிறங்கும், அடியைத் தொட்டவுடன் இமைப்பொழுதில் மேலே தாவும், மீண்டும் இறங்கும். முதலில் ஒரு வாசனை வந்தது. பிறகு மெல்லிய புகை. பிறகு வெட்டின் வழியாகக் கரிய பொடி உதிர்ந்து இலையின்மீது சிறு குவியலாயிற்று. அவர் கையை நிறுத்தினார். புகை நிற்கவில்லை, குவியலிலிருந்தே எழுந்தது. ஆவலில் நாம் குனிந்து ஊத முற்பட்டோம்.

“ஊதாதீங்க சாமி. பச்சைக் குழந்தை அது, மூச்சு முட்டும்” என்று தடுத்தார்.

சற்றுப் பொறுத்து, பனம்பன்னாடையைக் கசக்கி ஒரு கூடுபோலச் செய்து, அப்பொடியை அதனுள் ஏந்தி, கையை மெல்ல வீசினார். பன்னாடைக்குள் ஒரு சிவந்த கண் திறந்தது. அதன் பின்னரே வாயருகே கொண்டுபோய் நீளமாக ஊதினார். குப்பென்று தீ எழுந்தது. எல்லாம் சில நிமிஷங்களுக்குள் முடிந்துவிட்டது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கோலும் கட்டையும் தேயும்போது மரத்தூள் பிறக்கின்றது. தேய்ப்பில் எழும் வெப்பம் அத்தூளைக் கரியாக்குகின்றது. தூள் சிதறாமல் ஓரிடத்தில் குவிந்தால், வெப்பமும் சிதறாமல் அங்கேயே பெருகும். பக்கத்து வெட்டின் பயன் அதுதான்: தூளுக்கு ஒரு வழியும், கனலுக்கு வேண்டிய காற்றும் தருவது. வெட்டில்லாத குழியில் எவ்வளவு கடைந்தாலும் பெரும்பாலும் புகையே மிஞ்சும். தூளின் நிறமும் ஒரு பாடம். பழுப்பு நிறமாயின் வெப்பம் போதவில்லை என்பது பொருள். கறுத்து வந்தால் வழி சரி. மரம் நன்கு காய்ந்திருத்தல் வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியும் அளவுக்கு மென்மையாகவும் இருத்தல் வேண்டும். ஈரமும் பிசினும் இக்கலைக்குப் பகை. யாவற்றினும் பெரிய பகை அவசரம்.

இவ்விடத்தில் நம்மிற் பலர் பள்ளியிற் கற்ற ஒரு செய்தியைத் திருத்திக்கொள்ளுதல் நலம். ஆதிமனிதன் இரண்டு கற்களை உரசித் தீயைக் கண்டான் என்று நாம் படித்திருக்கின்றோம், படத்திலும் பார்த்திருக்கின்றோம். ஏதோ இரண்டு கற்களை எடுத்து மோதினால் தீ வாராது. சத்தியவேட்டுக் கூழாங்கற்கள் இரண்டை இருட்டில் மோதிப் பாருங்கள். கணநேரம் ஒரு மங்கல் ஒளி தோன்றும். ஆனால் அது பஞ்சைப் பற்றவைக்க வல்ல பொறி அன்று. சிக்கிமுக்கிக் கல்லில் நாம் காணும் பொறி உண்மையில் இரும்பின் பொறி. கல்லின் கூரிய விளிம்பு எஃகிலிருந்து நுண்ணிய துகளைச் சீவுகின்றது; அத்துகள் காற்றில் எரிந்து பறக்கின்றது. இரும்பு இல்லாத காலத்தில், இரும்பும் கந்தகமும் கலந்த ஒருவகைக் கனிமக் கல் அவ்வேலையைச் செய்தது. அக்கல் கிட்டாத நிலத்தில் கைகொடுத்தது மரமும் மரமும்தான்.

அப்படியாயின் அக்கூழாங்கற்களுக்குப் பயனே இல்லையா எனில், மிகப் பெரிய பயன் ஒன்று இருந்தது. அவை குவார்ட்சைட் எனப்படும் மிகக் கடிய கல். மலைகளில் உறைந்துகிடந்து, நீரால் பெயர்ந்து வந்தவை. இவ்வகைக் கல்லடுக்குகளுள் ஒன்றுக்கு நிலவியலார் சத்தியவேட்டின் பெயரையே சூட்டியுள்ளனர். 1863-ஆம் ஆண்டில் ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் முதலில் பல்லாவரத்திலும், பின்னர் தம் துணைவர் வில்லியம் கிங் என்பவரோடு கொசத்தலையாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அதிரம்பாக்கத்திலும் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். அதிரம்பாக்கம் சத்தியவேட்டுக்குத் தெற்கே, நெடுந்தொலைவில் இல்லை. சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே நிகழ்த்திய அகழ்வாய்வின் பயனாக, அக்கருவிகளுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் தொன்மை உடையவை என்று 2011-இல் வெளியாயிற்று. அப்பகுதியிற் கிடைத்த பழங்கற்காலக் கருவிகளைப் பூண்டியில் உள்ள அருங்காட்சியகத்தில் காணலாம்.

ஒரு கல்லை மற்றொரு கல்லால் உரிய கோணத்தில் தட்டினால், மெல்லிய செதிள் ஒன்று பெயரும். அதன் ஓரம் இறைச்சியை அறுக்கும், கோலைச் சீவும், குழிக்கு வெட்டுப் போடும். வேறு கருவி எதுவும் வேண்டா. கல் அழியாது, ஆதலால் அது அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அக்கல்லால் சீவிய கோலும், திரித்த கயிறும், வேய்ந்த கூரையும் மண்ணோடு மண்ணாயின. கையின் அறிவு கையோடு போயிற்று. அடுத்த கை அதனைக் கற்றுக்கொண்டால் மட்டுமே அது பிழைத்தது.

நம் முன்னோர் இக்கோலை நன்கறிந்திருந்தனர். ‘ஞெலிகோல்’ என்பது அதற்குப் பழந்தமிழ்ப் பெயர். தீக்கடைகோல் என்பது உரையாசிரியர் வழக்கு. புறநானூற்றின் 315-ஆம் பாட்டில், அதியமான் தன் ஆற்றலை வெளிக்காட்டாது அடங்கியிருப்பதற்கு, வீட்டின் இறப்பிலே செருகப்பட்டிருக்கும் ஞெலிகோலை ஔவையார் உவமையாக்குகின்றார். கோலுக்குள் தீ இருப்பது பார்வைக்குத் தெரியாது. வேண்டும்போது வெளிப்படும் என்பது கருத்து. கல்லூரியில் இப்பாட்டைப் படித்த நாளில் நமக்கு உரை தேவைப்படவில்லை. மாந்தோப்புக் குடிசையின் கூரையும், அதிலிருந்து கோலை உருவிய முதியவரின் கையும் கண்முன் நின்றன. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக அக்கோல் அதே இடத்தில்தான் செருகப்பட்டிருந்தது.

அம்முதியவரிடம் நாம் கண்டது தீ ஒன்று மட்டும் அன்று. கயிறு இல்லாத இடத்தில் கற்றாழை மடலைக் கல்லால் நைத்து, சோற்றை வழித்தெறிந்து, நாரைத் தொடையில் வைத்துத் திரிப்பார். இரண்டு புரியும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பாத்திரம் இல்லாத இடத்தில் இலையை மடித்து ஈர்க்கால் தைப்பார். அத்தொன்னையில் நீர் ஊற்றிக் கனலின் மேல் வைத்தால் நீர் கொதிக்கும், தொன்னை எரியாது. தீயின் வெப்பத்தை நீர் வாங்கிக்கொண்டே இருப்பதால், நீர் தொட்டிருக்கும் மட்டும் இலை கருகுவதில்லை. நீருக்கு மேலுள்ள விளிம்புதான் சுருங்கும். இவற்றையெல்லாம் அவர் விளக்கிச் சொன்னதில்லை. செய்து காட்டினார், நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பல ஆண்டுகளுக்குப் பின்னர், மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் அமர்ந்தோம். ஒருநாள் பழங்குடியினரைப் பற்றிய அறிக்கை ஒன்று மேசைக்கு வந்தது. அதில் ஏனாதி மக்களின் தீமூட்டும் முறையைக் குறித்து ஒரு வரி இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் அம்முறை பதிவாகியுள்ளது. எனவே அவ்வரி வியப்பளிக்கவில்லை. அதற்கு அடைமொழியாக அமைந்திருந்த ஆங்கிலச் சொல்தான் எழுதுகோலைத் தடுத்தது. அகராதி ‘நாகரிகமற்ற’ என்றது, ‘பண்படாத’ என்றது. கறுத்த பொடிக்கும் பழுத்த பொடிக்கும் வேற்றுமை அறிந்து, கனலைக் குழந்தையைப்போல் ஏந்திய ஒருவரை எப்படிப் பண்படாதவர் என்று எழுதுவது? நெடுநேரம் தயங்கி, ‘தொல்முறை’ என்று எழுதினோம். மேலதிகாரி அதனை ஏற்றுக்கொண்டார். சிறிய வெற்றி என்றே அன்று எண்ணினோம்.

ஆனால் அம்மக்களின் வாழ்வு ஒரு சொல்லால் திருந்திவிடுவதன்று. சத்தியவேட்டுக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடையில் ஸ்ரீஹரிகோட்டா என்னும் தீவு உள்ளது. அது நெடுங்காலமாக ஏனாதி மக்களின் உறைவிடம். 1969-இல் அத்தீவு ராக்கெட் தளத்துக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே வாழ்ந்த மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். 1971 அக்டோபரில் முதல் ரோகிணி ராக்கெட் அங்கிருந்து மேலெழுந்தது. 2023 ஜூலையில் சந்திரயான்-3 அங்கிருந்தே நிலவுக்குப் புறப்பட்டது. அந்தத் தீயைக் கண்டு நாம் பெருமிதம் கொள்ளுகின்றோம், அது தகும். கோலைக் கடைந்து தீ எடுத்தவர்கள் அத்தீவை விட்டுக் கொடுத்தனர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

மற்றொன்றும் சொல்லுதல் வேண்டும். காட்டுக் கைத்திறனைப் பாராட்டுகின்றவர்கள், அது வறுமையோடு பிணைந்திருந்ததை மறந்துவிடுகின்றனர். வயல் எலிகளைப் பிடிக்கும் இருளர், மண்பானையின் அடியில் துளையிட்டு, வைக்கோலை அடைத்துத் தீமூட்டி, அத்துளையில் வாயை வைத்து ஊதிப் புகையை வளைக்குள் செலுத்துவர். வேறு கருவியின்றிச் செய்யும் நுட்பமான வேலைதான். ஆனால் உதடு சுடும், நெஞ்சு புகையால் கெடும். அதனை ஒழித்து நல்ல கருவி கொடுப்பதே அறம். திறமையை மதிப்பது வேறு. இல்லாமையைப் போற்றுவது வேறு.

திறமை உரிய மதிப்பைப் பெற்ற இடமும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை ஒட்டிப் பாம்புத்தோல் வாணிகம் தடைப்பட்டு இருளர் பிழைப்பிழந்தபோது, 1978-இல் செங்கற்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் ஒன்று தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை மட்டும் எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அதன் வேலை. பாம்புக்கடிக்கு மருந்தாகும் நஞ்சுமுறிவுக்கு அதுவே மூலப்பொருள். அச்சமூகத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டனர். அங்கே சதுப்புநிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளை, இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று பிடித்துக் காட்டினர். விலையுயர்ந்த சாதனம் எதையும் நம்பி அவர்கள் போகவில்லை. தரையில் கிடக்கும் தடத்தைப் படிக்கும் கண்ணோடு போயினர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. கையிலும் கண்ணிலும் உள்ள அறிவு கடல் கடந்தும் பயன்படும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமோ?

சென்ற கோடை விடுமுறையில், டில்லிக் குடியிருப்பின் மொட்டைமாடியில், பன்னிரண்டு வயது மகளோடு நாம் தீக்கடையும் முயற்சியில் இறங்கினோம். கட்டை செய்தோம், குழி இட்டோம், வெட்டுப் போட்டோம், மணல் வாளியும் நீர் வாளியும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். கைகள் கொப்புளித்தன. புகை வந்தது, பொடியும் சற்றே கறுத்தது, கனல் பிறக்கவில்லை. ஒரு வாரம் முயன்றோம். ஏழு நாளும் தோல்வியே. எழுத்திலே முறையைத் தெளிவாக விளக்க நமக்கு இயலுகின்றது. சற்று முன்னர் உங்களுக்கு விளக்கியும் விட்டோம். ஆயினும் அறிந்திருப்பது வேறு, இயற்றுவது வேறு என்பதை உள்ளங்கைக் கொப்புளம் உணர்த்திற்று.

மகள் ஒரு கேள்வி கேட்டாள்: “அப்பா, அந்தத் தாத்தா பெயர் என்ன?”

விடை நம்மிடம் இல்லை. தோப்பில் எல்லோரும் அவரைக் காவல்காரர் என்றே அழைத்தனர். நாமும் அப்படியே அழைத்தோம். அவர் நம்மைச் சாமி என்றார். அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்று கேட்டறிய அந்தச் சாமிக்குத் தோன்றவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் பேசினோம், முதியவர் இறந்து பல்லாண்டுகள் ஆயின என்றார்கள், தோப்பும் கைமாறிவிட்டது. பெயரைச் சொல்லக்கூடியவர் எவரும் எஞ்சவில்லை. ஓர் அடைமொழியைத் திருத்தியதற்காக அன்று மகிழ்ந்த நாம், பெயரையே தொலைத்திருந்தோம் என்பது அப்போதுதான் புலப்பட்டது.

நேயர்களே! நீங்கள் யாவரும் தீக்கடைய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. காட்டில் தீமூட்டுவது சட்டப்படி குற்றம். கோடையில் ஒரு பொறி ஒரு மலையையே அழித்துவிடும். தீப்பெட்டி இருக்கும்போது அதனைப் பயன்படுத்துவதே அறிவுடைமை. ஆனால் உங்கள் ஊரிலும் இத்தகைய கை ஒன்று இருந்திருக்கும்: பனைநாரால் கட்டில் பின்னிய கை, ஓலையில் குடலை முடைந்த கை, கருவியின்றிக் கிணற்றின் ஊற்றுக்கண்ணைக் கண்டுசொன்ன கை. அடுத்த விடுப்பில் ஊர் செல்லும்போது, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஒதுக்கிய நாட்களுள் ஒரு பிற்பகலை அக்கைக்கு ஒதுக்குங்கள். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். அருகில் அமர்ந்து, செய்யச் சொல்லிப் பாருங்கள். நீங்களும் ஒருமுறை செய்து தோற்றுப் பாருங்கள். அவருடைய உழைப்புக்கு உரியதைக் கொடுங்கள். புறப்படுமுன் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுச் சமையலறையில், எரிவாயு அடுப்புக்கு மேலுள்ள பலகையில், மகள் அந்தக் கட்டையையும் கோலையும் எடுத்து வைத்திருக்கின்றாள். இங்கே புகை இல்லை. ஆயினும் அடுப்பின் சூட்டில் சற்றுக் காயட்டும் என்கின்றாள். அடுத்த கோடையில் மீண்டும் கடைவதாக இருக்கின்றோம்.